விட்டுப்போன துடிப்பு

கோடு வந்துவிட்டது. ஓடுகிறது. நிற்காமல் ஓடுகிறது. ஆரம்ப சுகாதார நிலையத்து ஸ்டோர் ரூமில், தடுப்பூசி வைக்கும் ஐஸ் பெட்டிக்கும் குளுக்கோஸ் பாட்டில் அட்டைகளுக்கும் நடுவில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த குமுதவல்லி, லேப்டாப் திரையில் பச்சையாக ஏறி இறங்கிப் போகும் அந்தக் கோட்டைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டாள். பொத்தாவிட்டால் கத்தியிருப்பாள். காலேஜில் பாடம் நடத்தும் அம்மாள், வயது நாற்பத்தேழு, வெளியே ஓ.பி. வரிசையில் ஜனம் நிற்கிறது, கத்தலாமா? காலையிலிருந்து கரண்ட் இல்லை, யு.பி.எஸ்.ஸை வீணாக்க வேண்டாம் என்று ரிசீவரைப் போடாமலே வைத்திருந்தாள். கரண்ட் வந்த கையோடு மலை மேலிருந்து செவிலியர் தவமணி போன் செய்து, "வில்லைய ஒட்டிட்டேங்க மேடம், போட்டுப் பாருங்க" என்றாள். போட்டாள். போட்டதும் வந்துவிட்டது. ஒரு நொடி தாமதம் உண்டா, ஒரு கரகரப்பு உண்டா? மலை மேல் ஊர்க்காரர் ஆண்டியப்பனின் நெஞ்சு, அதில் ஒட்டிய வில்லை வழியாக ஊமைக்கரட்டைத் தாண்டிக் குதித்து வந்து, இதோ மேசை மேல் நிமிடத்துக்கு எழுபத்து நான்கு என்று துடிக்கிறது. அடேயப்பா! ஊமைக்கரடு என்று பேர் வைத்தவன் கெட்டிக்காரன். இந்தப் பக்கம் நின்று தொண்டை கிழியக் கூப்பிட்டாலும் அந்தப் பக்கம் கேட்காத பாறை. மூன்று வருஷமாக அவளும் கூப்பிட்டுப் பார்த்துவிட்டாள். ஒரு ஆன்டெனாவைக் குரங்கு பிடுங்கிப்போட்டது. அதை அறிக்கையில் எப்படி எழுதுவது என்று தெரியாமல் 'உயிரினக் குறுக்கீடு' என்று எழுதி, அதற்கு மேலிடத்தில் ஒரு விளக்கம் கேட்டு, அந்த விளக்கத்துக்கு ஒரு போட்டோ கேட்டு, போட்டோவுக்கு அந்தக் குரங்கு பல்லைக் காட்டிக்கொண்டு நின்றதே, அதெல்லாம் இன்றைக்குச் சிரிக்கக் கூடிய விஷயமாகிவிட்டது. நாளைக்கு தில்லியிலிருந்து கமிட்டி வருகிறது. மேலே இருப்பவரின் துடிப்பு கீழே இருக்கும் டாக்டருக்குத் தெரிந்தால் திட்டம் இன்னும் பத்து மலைக்கிராமத்துக்குப் போகும். தெரியாவிட்டால் இந்தப் பெட்டிகளையெல்லாம் கட்டிக் காலேஜ் குடோனில் போட்டுவிட்டு வர வேண்டியதுதான், ஆண்டியப்பனைப் பழையபடி நாலு பேர் தூளி கட்டித் தூக்கிக்கொண்டு இறங்க வேண்டியதுதான். மாரடைப்பு வந்த அன்றைக்கு அப்படித்தான் இறக்கினார்கள். பிழைத்தது கடவுள் புண்ணியம் என்று டாக்டர் ஜமாலுதீனே சொன்னார், டாக்டர் வாயாலே. இனிமேல் அந்தப் பேச்சு வேண்டாம். கோடு ஓடுகிறது. ஓடு ராசா, ஓடு.

எவ்வளவு சுத்தமான கோடு! சிக்னல் பலம் காட்டும் கட்டங்கள் அத்தனையும் நிரம்பி நிற்கின்றன. நிரம்பியதை இதுவரை பார்த்ததே இல்லை. மலை மேல் பள்ளிக்கூடத்து மொட்டைமாடி ஆன்டெனாவைப் போன வாரம் ஒரு விரற்கடை சாய்த்து வைத்தாளே, அதுதான் வேலை செய்திருக்கிறது. ஒரு விரற்கடை! கம்பியில்லாத் தொடர்பு படிக்கிற பிள்ளைகளுக்கு இதைப் பாடமாகவே வைக்கலாம். போன முறை வந்த கமிட்டியில் கண்ணாடிக்காரர் ஒருவர், "இதற்கு ஒரு செல்போன் போதாதா மேடம்?" என்று கேட்டார். அந்த ஊரில் செல்போன் எடுப்பது பள்ளிக்கூடத்துப் பின்சுவர் ஓரத்தில் மட்டும்தான், அதுவும் காற்று நல்லபடி அடித்தால். நோயாளி அந்தச் சுவரிலேயே சாய்ந்துகொண்டு குடித்தனம் நடத்த முடியாது சார் என்று பதில் நாக்கு நுனி வரை வந்தது. சொல்லவில்லை. இங்கிலீஷில் அது அவ்வளவு நன்றாக வரவில்லை. நாளைக்குச் சொல்வாள். அல்லது சொல்லவே வேண்டாம், கோட்டைக் காட்டினால் போதும். அப்பா இருந்தால் காட்டியிருக்கலாம். மில் குவார்ட்டர்ஸில் அப்பா ரேடியோ குமிழைத் திருகிக்கொண்டே இருப்பார், கரகரகரவென்று மழை பெய்கிற மாதிரி இரைச்சல், திடீரென்று அதற்குள்ளிருந்து ஒரு ஆள் குரல் எழுந்து செய்தி வாசிக்கும். "வந்துட்டான்!" என்பார் அப்பா. யார் வந்தது, எங்கிருந்து வந்தது, கம்பி எங்கே என்று பெட்டிக்குப் பின்னால் போய்த் தேடியவள்தான் குமுதவல்லி. இன்றைக்கும் அதையேதான் தேடுகிறாள், அதற்கு அரசாங்கம் பணம் கொடுக்கிறது, ஊர்ப் பணம். ஊர்ப் பணத்தில் செய்வது ஊருக்கு வந்து சேர வேண்டாமா? திட்டம் அனுமதியான அன்று டிபார்ட்மென்ட் முழுக்க மைசூர்பாகு கொடுத்தாள். அட்டெண்டர் பச்சமுத்து வாயில் போட்டுக்கொண்டே, "மேடம், என்ன குழந்தை?" என்று கேட்டாரே. திட்டத்தின் முழுப் பேரை மூச்சு விடாமல் ஒரே இழுப்பில் சொன்னாள். பச்சமுத்து யோசித்துவிட்டு, "பேரு ரொம்ப நீளமா வெச்சிட்டீங்க மேடம்" என்றார்.

எழுபத்தாறு. சிரித்தால் இவளுக்கு ஏறலாம், அவருக்கு ஏன் ஏறுகிறது? சரி, அவரும் சிரித்திருப்பார். ஆண்டியப்பன் வாய் சும்மா இருக்காது. முதல் தடவை வில்லையைக் காட்டியபோது, ஐந்து ரூபாய்க் காசு அகலத்தில் இருக்கும் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏனுங்கம்மிணி, இது நெஞ்சு அடிக்கிறத மட்டும் சொல்லுமா, நெனைக்கிறதயும் சொல்லீருமா?" என்றார். பக்கத்தில் நின்ற அவர் சம்சாரம், "சொல்லீரும், ஒட்டுங்க மேடம்" என்றாள். அவர் நெஞ்சில் ஒரு தினுசு உண்டு. ஒழுங்காக அடித்துக்கொண்டே வரும், பத்துப் பன்னிரண்டு துடிப்புக்கு ஒரு முறை ஒன்றை விட்டுவிடும். விட்டுவிட்டு, அடடா மறந்தோமே என்று அடுத்ததைக் கொஞ்சம் பலமாகப் போடும். பயப்பட வேண்டாம், அது அவர் நெஞ்சோட பழக்கம் என்றார் டாக்டர். குமுதவல்லி கண் கொட்டாமல் பார்த்தாள். பத்து, பன்னிரண்டு, இருபது, முப்பது. விடவே இல்லை. ஒன்றைக்கூட விடவில்லை! மருந்து கேட்டிருக்கிறது. மலைக்காற்று, கேழ்வரகு, உப்பைக் குறைத்தது, எல்லாம் சேர்ந்து கேட்டிருக்கிறது. அந்த மனுஷனுக்கு நெஞ்சு சரியாகிவிட்டது. அவளுக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டது. ஐஸ் பெட்டி உறுமிக்கொண்டிருந்தது, அதைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. அந்த நேரம் பார்த்து ஆயா பாவாயி கதவைத் தள்ளிக்கொண்டு டீயோடு வந்து, "ஏம்மா அழுவுறீங்க?" என்றாள். "அழல பாவாயி. தூசி." "காலையிலதான கூட்டினேன்" என்று கோபித்துக்கொண்டு போனாள் பாவாயி. டீ கொதிக்கக் கொதிக்க இருந்தது. சந்தோஷத்தில் ஒரு மடக்கு பெரிதாகக் குடித்துத் தொண்டை வெந்தது. எண்பத்தெட்டு.

எண்பத்தெட்டா? டம்ளரைக் கீழே வைத்தாள். இப்போதுதானே எழுபத்தாறு. தூசி என்று பொய் சொன்னதற்குத் தண்டனை போல நிஜமாகவே மூக்கு அரித்தது, தும்மினாள், தும்மி நிமிர்ந்தால் கோடு ஒரு கணம் தாறுமாறாகக் கிறுக்கிவிட்டு மறுபடி ஒழுங்கானது. அங்கேயும் தும்மினாரா? ஒரே நேரத்தில் இரண்டு பேரும்? நல்ல சகுனம் என்று அவள் அம்மா சொல்வாள், இல்லை, இரட்டைத் தும்மல்தான் நல்லது என்பாள், ஒற்றைத் தும்மல் ஆகாது, இது இரட்டையா ஒற்றையா, தொண்ணூற்றாறு. ஐயோ என்ன இது. உட்கார்ந்திருக்கச் சொன்னாளே தவமணியிடம். உட்கார வைத்திருக்க மாட்டாள். அல்லது உட்கார வைத்துவிட்டுப் பின்சுவருக்குப் போன் பேச வந்திருப்பாள், வந்த இடைவெளியில் இந்த மனுஷன் எழுந்து பலா மரத்தில் ஏறியிருப்பார். ஏறக்கூடியவர்தான். போன மாதம் ஏணி வைத்திருந்ததைப் பார்த்தாளே. ஏணி எதுக்குங்க என்று கேட்டதற்கு, "அது மரத்துக்குத் தொணைக்கு நிக்குதுங்கம்மிணி" என்றாரே. நூற்றெட்டு. மரத்தில் பாதி ஏறிவிட்டார். நூற்றுப் பன்னிரண்டு. தலைச்சுமை பலாவைத் தோளில் சாய்த்துக்கொண்டு, வேர்த்து, கை நழுவி, தவமணி சுவரோரம் நிற்கிறாள், யாருக்கும் தெரியாது, உலகத்திலேயே ஒரே ஒருத்திக்குத்தான் தெரியும், அவள் மலைக்கு இந்தப் பக்கம் நாற்காலியில் டீ குடித்துக்கொண்டிருக்கிறாள். இதற்காகத்தானா மூன்று வருஷம்? ஒரு மனுஷன் நெஞ்சு படபடப்பதைத் தூரத்தில் உட்கார்ந்து நன்றாகப் பார்ப்பதற்கா? தவமணிக்குப் போன் போட்டாள். தொடர்பு எல்லைக்கு வெளியே. மறுபடி. வெளியே. காற்று நின்றுவிட்டது போலிருக்கிறது, பாழாய்ப்போன காற்று. நூற்றுப் பதினெட்டு. பயப்படாதே குமுதா, நீ பயந்து என்ன ஆகப்போகிறது, நீ பயப்படப் பயப்பட அவருக்கா குறையப்போகிறது? இன்னும் ஏறியது. பார்க்காமல் இருந்து பார்த்தாள். ஐஸ் பெட்டியைப் பார்த்தாள், பல்லியைப் பார்த்தாள், ஒன்று இரண்டு என்று மெதுவாக மூச்சு விட்டாள், ஓரக்கண்ணால் பார்த்தால் நூற்று ஆறு, அப்பாடா குறைந்துவிட்டது, இறங்கிவிட்டார் மரத்தை விட்டு, நல்லவேளை என்று நினைத்த மாத்திரத்தில், நல்லவேளை என்று நினைக்கக் கூடாது கண்பட்டுவிடும் என்று இன்னொரு நினைப்பு வந்து, அது வந்ததும் நூற்றிருபது. இது என்ன கூத்து! எழுந்து ஓ.பி.க்கு ஓடினாள். சேலை நாற்காலியில் மாட்டி நாற்காலியும் கொஞ்ச தூரம் கூட வந்தது.

டாக்டர் ஜமாலுதீன் ஒரு குழந்தையின் வாய்க்குள் டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் டார்ச்சைத் தாயின் கையில் கொடுத்துவிட்டு வந்துவிட்டார். ஸ்டோர் ரூமில் திரை முன்னால் குனிந்து பார்த்து, "லயம் ஒழுங்காத்தான் இருக்கு. வேகம்தான் ஜாஸ்தி. பயந்திருக்கார், இல்லேன்னா ஓடியிருக்கார்" என்றார். "மரம் ஏறியிருக்கார் டாக்டர். எனக்குத் தெரியும். ஜீப் இருக்கா? நான் போறேன்." "மேடம், முதல்ல நீங்க உக்காருங்க. உங்க முகமே வெளுத்துக் கிடக்கு." "எனக்கு ஒண்ணும் இல்ல." "உக்காருங்கன்னா" என்று கையைப் பிடித்து உட்கார வைத்தவர், பிடித்த பழக்கதோஷத்தில் விரலை நாடியில் வைத்துவிட்டார், வைத்ததும் கண் தானாகக் கடிகாரத்துக்குப் போனது. டாக்டர்களுக்குக் கையைக் கொடுத்தால் சும்மா திருப்பித் தரமாட்டார்கள். அவள் ஜீப், ஏணி, பலா என்று என்னவோ சொல்லிக்கொண்டே இருந்தாள். "நூத்தி இருபத்தி ரெண்டு" என்றார். "ஆமா, அதான் சொல்றேன், ஏறிட்டே போகுது!" "அங்க இல்ல மேடம். இங்க. உங்களுக்கு." இரண்டு பேரும் திரும்பித் திரையைப் பார்த்தார்கள். நூற்றிருபத்திரண்டு. டாக்டர் அவள் கையை விடவில்லை. அவர் விரலடியில் ஒன்று தட்டியது, திரையில் ஒன்று எழுந்தது. மறுபடி தட்டியது, எழுந்தது. மூன்றாவதற்குக் குமுதவல்லியின் இன்னொரு கை தானாக நெஞ்சுக்குப் போயிற்று. சேலைக்கு உள்ளே, ரவிக்கைக்கு மேல் ஓரத்தில், ஐந்து ரூபாய் அகலத்தில், சமர்த்தாக ஒட்டிக்கொண்டிருந்தது வில்லை.

அவள் லேபில் ஒரு முறை உண்டு. குழந்தைக்குப் பால் புகட்டுமுன் ஒரு சொட்டை மணிக்கட்டில் விட்டுச் சூடு பார்ப்பதில்லையா, அதுபோல. எந்த வில்லையும் நோயாளிக்குப் போகுமுன் ஒரு ராத்திரி லேபில் ஒருவர் நெஞ்சில் இருந்துவிட்டுத்தான் போக வேண்டும். அந்த விதியைப் போட்டவளே அவள்தான். லேபில் படிக்கிற சிபியின் நெஞ்சு பைக் சாவியைத் தொட்டாலே துள்ளும், சுமையாவின் நெஞ்சு தூங்குகிறதா விழித்திருக்கிறதா என்றே தெரியாது, மேடம் நெஞ்சு டீ வந்தால் எழும்பும் என்று பிள்ளைகள் கேலி செய்வார்கள். டீ! தும்மல்! படுபாவி, டீக்கு எழும்பியபோதாவது தெரிய வேண்டாமா? நேற்றுச் சாயங்காலம் ஒட்டியது. மூக்குத்தி போட்டிருப்பது யாருக்கு ஞாபகம் இருக்கும்? காலையில் ஜீப் ஹாரன் அடிக்கிறது, கழற்றி ஸ்பிரிட் போட்டுத் துடைத்துக் கொடுக்கலாம் என்று உள்ளே போனாள், அந்த நேரம் பிரின்சிபால் போன், கமிட்டிக்கு மதியச் சாப்பாடு வாழை இலையா தட்டா என்று. வாழை இலைதான் சார் என்று சொல்லிக்கொண்டே துடைத்தாள், ஸ்பிரிட் வாசனைகூட இப்போது மூக்கில் நிற்கிறது. துடைத்தது பெட்டியில் தூங்கிக்கொண்டிருந்த உபரி வில்லையை. அதைத்தான் மலையேற்றி அனுப்பியிருக்கிறாள். ஆண்டியப்பன் நெஞ்சில் இப்போது உசிரில்லாத ஒரு பொட்டு ஒட்டியிருக்கிறது, அவ்வளவுதான். ரிசீவர் பக்கத்திலேயே இவள் நெஞ்சு உட்கார்ந்திருந்தால் சிக்னல் கட்டம் நிரம்பாமல் என்ன செய்யும்? டாக்டர் முதலில் அடக்கிப் பார்த்தார். முடியவில்லை. குளுக்கோஸ் அட்டை மேல் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தார். "மூணடி தூரம் தாண்டியிருக்கு மேடம், சாதாரண விஷயமா!" அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே கழற்றி, அதன் வயிற்றை அழுத்தி அணைத்து, எவர்சில்வர் டப்பாவில் போட்டு மூடினாள். திரையில் கோடு படுத்துவிட்டது. நீளமாக, நேராக, ஒன்றுமில்லாமல். அதைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுபோயிற்று. அப்படியானால் எதுவும் தாண்டி வரவில்லை. ஆன்டெனா சாய்த்தது வேலை செய்யவில்லை, செய்ததா என்றே தெரியாது. ஊமைக்கரடு ஊமையாகவே இருக்கிறது. அவர் நெஞ்சும் சரியாகவில்லை, சரியாயிருந்தது இவள் நெஞ்சு, ஏற்கெனவே சரியாயிருந்த நெஞ்சு. சந்தோஷப்பட்டதெல்லாம் பொய். வாழை இலையில் சாப்பாடு போட்டு இந்தப் படுத்த கோட்டைத்தான் காட்டப்போகிறாள்.

போன் அடித்தது. தவமணி. காற்று மறுபடி வீசியிருக்க வேண்டும். "என்னங்க மேடம், வந்துச்சா? எத்தன நேரம் இந்தச் சுவத்துல ஒட்டிக்கிட்டு நிக்கிறது, மாடு வந்து என்னைய மோந்துட்டுப் போவுது." "தவமணி, அவர் எப்படி இருக்கார்?" "அவருக்கென்ன, தின்னுட்டுக் கத பேசிட்டு இருக்காரு." "மரம் ஏறலையே?" "மரமா? யாரு சொன்னா?" குமுதவல்லி நடந்ததைச் சொன்னாள். ஒளித்து என்ன பயன். அந்தப் பக்கம் சுவரே அதிர்கிற மாதிரி ஒரு சிரிப்பு. "அப்ப இத்தன நேரமும் உங்க நெஞ்சையே நீங்க பாத்துட்டு இருந்தீங்களா?" "ஆமாங்கறேன்ல. சரி கேளு. போய் வில்லையோட வயித்துல விரல வெச்சு அழுத்து. பச்சை லைட்டு மினுங்கற வரைக்கும் விடாத." "பச்ச லைட்டு. சரிங்க. நானும் அது பொட்டாட்டமா சும்மா கெடக்குதேன்னு பாத்தேன், படிச்சவங்க குடுத்ததாச்சேன்னு விட்டுட்டேன்" என்று ஒரு குத்தும் குத்திவிட்டுப் போனை வைத்தாள். இனிப் பள்ளிக்கூடத்துச் சுவரிலிருந்து ஆண்டியப்பன் வீடு வரை ஏற்றம். தவமணி கெட்டியான நடைக்காரிதான். ஆனாலும் வழியில் நாலு பேர் என்ன விசேஷம் என்று கேட்பார்கள், நாலு பேருக்கும் சொல்வாள், மேடம் நெஞ்சைப் பற்றி. சொல்லட்டும். டாக்டர் ஓ.பி.க்குப் போனவர், வாய் திறந்திருந்த அந்தக் குழந்தைக்கு மருந்து எழுதிக் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டார். வந்து அவளோடு சேர்ந்து திரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். டீ ஆறி ஆடை கட்டியிருந்தது. நேர்க்கோட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தால் அது லேசாக அசைகிற மாதிரி ஒரு மயக்கம் வரும், அசையாது. அப்பா குமிழைத் திருகிக்கொண்டே இருப்பார். இரைச்சலில் ஒன்றும் வராது, விடமாட்டார். வராதுப்பா, தூங்கலாம்பா என்பாள் குமுதா. "அவன் பேசிட்டுத்தான் இருக்கான், நமக்குத்தான் இன்னும் கேக்கல" என்பார். அங்கே ஒருவர் நெஞ்சு அடித்துக்கொண்டுதான் இருக்கிறது. கேட்டாலும் கேட்காவிட்டாலும் அடிக்கும், சந்தேகமே இல்லை. கேட்க வேண்டும். கேட்டே ஆக வேண்டும். ஊர்ப் பணம், குரங்கு, மைசூர்பாகு, ஒரு விரற்கடை.

கோடு கிறுக்கியது. குமுதவல்லி தன் நெஞ்சைத் தொட்டுப் பார்த்தாள், ஒன்றுமில்லை. டப்பாவைத் திறந்து பார்த்தாள், வில்லை உள்ளே அணைந்து கிடந்தது, மூடினாள், திறந்து மறுபடி பார்த்தாள். கோடு எழுந்தது. எழுந்து, படுத்து, எழுந்தது. இந்தத் தடவை சுத்தமில்லை, ஓரமெல்லாம் கரகரவென்று முள் முள்ளாக இருந்தது, சிக்னல் கட்டங்களில் இரண்டுதான் நிரம்பியிருந்தன. இரண்டு! கரடு தாண்டி வருகிறவனுக்கு மூச்சு வாங்காதா? அறுபத்திரண்டு. "வந்திடுச்சு மேடம்" என்றார் டாக்டர் மெல்ல. "பொறுங்க. பேசாதீங்க." சூடு கண்டவள், அவ்வளவு சுலபத்தில் நம்புவாளா? "டாக்டர், உங்க சட்டைல ஏதும் ஒட்டலையே?" "அல்லா! நான் எதுக்கு ஒட்டறேன்?" அவள் விரல் விட்டு எண்ணத் தொடங்கினாள். நாலு. ஐந்து. அவள் மூச்சு அடைத்தது, திரையில் அது தெரியவில்லை, அவள் நெஞ்சு திமுதிமுவென்று அடித்தது, திரையில் அறுபத்திரண்டு. ஏறவே இல்லை. இவள் பயத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை, அவர் பாட்டுக்குக் கதை பேசிக்கொண்டிருக்கிறார். ஏழு. எட்டு. விடு ராசா. ஒழுங்காக அடித்தது போதும். ஒன்பது. பத்து. யாருடைய நெஞ்சாவது ஒரு துடிப்பை விட வேண்டும் என்று இந்த உலகத்தில் யாராவது வேண்டிக்கொண்டதுண்டா? பதினொன்று. இடைவெளி. வெறும் கோடு, வெறும் கோடு, அப்புறம், அடடா மறந்தோமே என்று பலமாக ஒன்று, ஓங்கி! "விட்டுட்டார்!" என்று கத்தினாள் குமுதவல்லி. வாயைப் பொத்தவில்லை. "டாக்டர், விட்டுட்டார்! ஒண்ணு விட்டுட்டார்! அவரேதான்!" டாக்டர் கைதட்டினார், ஐஸ் பெட்டியைத் தட்டினார், தடுப்பூசிப் பெட்டியைத் தட்டுகிறோமே என்று சட்டென்று கையை எடுத்துக்கொண்டார். குமுதவல்லிக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. கதவைத் திறந்துகொண்டு வராந்தாவுக்கு வந்தாள், எதற்கு வந்தாள் என்று அவளுக்கே தெரியாது, யாரிடமாவது சொல்ல வேண்டும். பிரசவ வார்டு எதிர்ப்பக்கம் இருக்க, கத்தல் கேட்டது இந்தப் பக்கம் என்று குழம்பி ஓ.பி. வரிசை மொத்தமும் திரும்பி அவளையே பார்த்தது. கையில் சீட்டோடு முன்னால் நின்ற ஒரு அம்மாள் முகமெல்லாம் சிரிப்பாக, "என்ன கொழந்தைங்க மேடம்?" என்று கேட்டாள்.

"ஆம்பளப் புள்ளைங்க" என்றாள் குமுதவல்லி. "பேரு ஆண்டியப்பன்."